எண்ணெய் ஒற்றும் காகிதம்

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. நாங்கள் அனுப்பிய பட்டு மெத்தைக்கும் வெள்ளிக் கரண்டிகளுக்கும் பதில் மரியாதை. இளநீலத் துணியில் சுற்றி, முடிச்சைக்கூடப் பூப்போலப் போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு ஜின்செங் வேர் டப்பா, ஒரு தோல் பர்ஸ். எல்லாவற்றுக்கும் மேலே, பிரித்ததும் கண்ணில் படும்படி, கையகல உறை ஒன்று. முகத்து எண்ணெயை ஒற்றி எடுக்கும் காகிதம். நூறு தாள்.

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கடையிலேயே நின்றேன். இஞ்சோன் நகரத்துச் சந்தையில் இருபத்திரண்டு வருடமாகக் கோழி பொரித்து விற்கிறேன். காலை பத்து மணிக்கு எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றால், சாயங்காலம்வரை அந்த ஆவி என் முகத்தில்தான் படியும். கணவர் இறந்த வருடம் போட்ட கடை. அதற்கு முன்பு என் முகம் எப்படி இருந்தது என்று எனக்கே நினைவில்லை. என் மகள் சேரினுக்கு அப்போது ஏழு வயது. அவளுக்கும் நினைவிருக்காது.

அந்த உறைக்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நான்கு மாதத்துக்கு முன்பு, இரண்டு குடும்பமும் முதன்முதலாகச் சேர்ந்து சாப்பிட்டபோதே சம்பந்தியம்மா அதைச் சொல்லிவிட்டாள்.

"சம்பந்தியம்மாவுக்கு முகம் எவ்வளவு பளபளன்னு இருக்கு பாருங்க! எனக்கெல்லாம் அறுபதத் தொடுறதுக்குள்ள காய்ஞ்சு போச்சு" என்றவள், மேசையில் இருந்த ஈரத்துண்டை என் பக்கம் தள்ளினாள். நான் கையைத் துடைத்துக்கொண்டேன். "முகத்தையும் துடைச்சுக்கலாம். தப்பில்ல" என்று சிரித்தாள். சேரின் தட்டில் இருந்த முள்ளங்கி ஊறுகாயை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த உறையிலிருந்து ஒரு தாளை உருவி, சட்டியிலிருந்து எடுத்து வடிய வைத்திருந்த கோழித் துண்டின்மேல் போட்டேன். இரண்டு நொடியில் தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. இன்னொன்றை என் நெற்றியில் ஒற்றினேன். அது பாதிதான் ஆனது. ஆக, கோழியைவிட நான் தேவலாம். அந்த நினைப்பில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிர்க்கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஜோம்ரே நிமிர்ந்து பார்த்தாள். மீதித் தொண்ணூற்றெட்டையும் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் செருகினேன். அங்கேயே கிடக்கட்டும். அவள் கொடுத்ததை இனி என் முகம் தொடாது.

இரவு சேரின் போன் செய்தாள்.

"அம்மா, பெட்டி வந்துச்சா?"

"வந்துச்சு. உன் மாமியார் எனக்கு முகம் துடைக்கக் காகிதம் கொடுத்திருக்கா."

"நல்ல எண்ணத்துல கொடுத்திருப்பாங்க. நல்ல கம்பெனிதும்மா அது."

"நல்ல எண்ணமா?"

அவள் பேச்சை மாற்றினாள்: "அம்மா, மெழுகுவத்தி ஏத்தும்போது கேமரா நேரா முகத்துலதான் இருக்கும். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் பாத்துக்கோ. ப்ளீஸ்."

மெழுகுவத்தி ஏற்றுவதுதான் எனக்கென்று அந்தக் கல்யாணத்தில் இருந்த ஒரே காரியம். மற்றதெல்லாம் அவர்கள் விருப்பம்: மண்டபம், சாப்பாடு, பூ, பாட்டு. ஆனால் தொடங்கும்போது இரண்டு அம்மாக்கள்தான் கைகோத்து மேடைக்குப் போவார்கள். மாப்பிள்ளையின் அம்மா நீல மெழுகுவத்தியை ஏற்றுவாள், பெண்ணின் அம்மா சிவப்பை. அதற்காக நான் இளஞ்சிவப்புப் பட்டில் உடை தைத்து வைத்திருந்தேன். இருபத்திரண்டு வருடம் அந்தச் சட்டி முன்னால் நின்றது அந்த நாற்பது அடி நடைக்குத்தான் என்று தோன்றும். யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கு சோல் நகரத்தில் ஒரு மேக்கப் கடையில் எங்கள் இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சேரின் உள்ளறையில் இருந்தாள். எங்களுக்கு மேக்கப் போட்டவள் பேக் என்ற பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். கைவேகம் எனக்குப் பிடித்திருந்தது. மாவு பிரட்டத் தெரிந்த கை.

"மாப்பிள்ளை அம்மாவுக்கு எப்படிப் போடட்டும்?"

"தண்ணி தெளிச்ச மாதிரி வேணும். கன்னத்துல வெளிச்சம் பட்டா மின்னணும்" என்றாள் சம்பந்தியம்மா. பேக் மூன்று குப்பிகளைத் திறந்து ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டித் தட்டி, அவளுடைய வறண்ட கன்னத்தில் பளபளப்பை ஏற்றினாள். முக்கால் மணி நேரம். பிறகு என் பக்கம் திரும்பினாள். என் முகத்தில் இருந்த பளபளப்பை எடுக்க ஒரு மணி நேரம்.

நான் கண்ணாடியில் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பூசுவதும் எனக்குத் துடைப்பதும் ஒன்றுதானே, இந்தப் பெண் அதை என் முகத்திலிருந்து எடுத்து அப்படியே அவள் முகத்தில் வைத்திருந்தால் எல்லாருக்கும் வேலை மிச்சம் என்று நினைத்தேன். சொல்லியிருக்கலாம். ஆனால் என் உதட்டில் கோடு வரைந்துகொண்டிருந்தாள்.

"இந்தாங்க, இந்தப் பவுடரைக் கையில வச்சுக்குங்க" என்று பேக் சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்தாள். "ஆனா ஒண்ணு, எண்ணெய் வந்தா முதல்ல காகிதத்தால ஒத்தி எடுத்துடணும். தேய்க்கக் கூடாது, ஒத்தணும். அப்புறந்தான் பவுடர். எண்ணெய் மேலயே போட்டீங்கன்னா திட்டுத் திட்டா நிக்கும். காகிதம் இருக்கா?"

"நான் கொடுத்திருக்கேன்" என்றாள் சம்பந்தியம்மா, கண்ணை மூடியபடியே.

"இருக்கு" என்றேன் நான். மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி.

மழைக்காலம் தொடங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. காற்று வேகவைத்த துணி மாதிரி முகத்தில் ஒட்டியது. பட்டுடைக்கு உள்ளே இரண்டு பாவாடை. மண்டபத்து வரவேற்புக் கூடத்தில் வாசலுக்கு இந்தப் பக்கம் நானும் என் நாத்தனாரும், அந்தப் பக்கம் சம்பந்தியும் அவள் கணவரும். பத்தடி இடைவெளி. வருகிறவர்களுக்கெல்லாம் இடுப்பு வளைத்துக் கும்பிட வேண்டும். நிமிரும்போதெல்லாம் எதிரே அவள் முகம் தெரியும், தண்ணீர் தெளித்த மாதிரி. நிமிரும்போதெல்லாம் அவளும் என் முகத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் தன் மூக்கின் நுனியை விரலால் லேசாகத் தொடுவாள். எனக்குச் சொல்கிறாளாம்.

முதல் தடவை அவள் மூக்கைத் தொட்டபோது கழிவறைக்குப் போய்ப் பவுடர் போட்டேன். பத்து நிமிடத்தில் மறுபடி தொட்டாள். மறுபடி போனேன். பேக் உள்ளே பெண்ணின் அறையில்தான் இருந்தாள். அவளிடம் கேட்டால் ஒரு தாள் கிடைத்திருக்கும். ஆனால் "இருக்கு" என்று சொன்னவள் எப்படிப் போய்க் கேட்பது? அது சம்பந்தியின் காதுக்குப் போனால்? ஆறு தடவை போட்டேன். எண்ணெய்மேல் பவுடர், பவுடர்மேல் எண்ணெய், அதன்மேல் பவுடர்.

இந்தத் தவற்றை உலகத்தில் வேறு யார் செய்திருந்தாலும் மன்னிக்கலாம். ஈரம் துடைக்காத கோழியை மாவில் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? என்னிடம் வேலைக்கு வந்த ஒவ்வொருத்தியையும் முதல் நாள் அதற்குத்தானே திட்டியிருக்கிறேன்!

ஜோம்ரே சந்தைக்காரர்கள் நான்கு பேரோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் வாயில் கை வைத்தாள்.

"அடியேய், உன்னை மாவுல பிரட்டிட்டாங்களா? எண்ணெய்ல போடுறதுதான் பாக்கி!"

எல்லாரும் சிரித்தார்கள். எதிர்ப்பக்கமும் சிரிப்புக் கேட்டது. நான் திரும்பித் தூண் ஒன்றின் கண்ணாடியில் பார்த்தேன். மூக்கின் இரு பக்கமும் வெள்ளைத் திட்டு. கன்னத்தில் சிரித்த இடமெல்லாம் வெடிப்பு. நெற்றியில் பவுடர் கட்டி கட்டியாக, அதன் ஓரத்தில் மறுபடி எண்ணெய்.

பெண்ணின் அறைக்குள் போனேன். வெள்ளைக் கவுனில் சேரின் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பூ. யாரோ தோழி படம் எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சேரின் சிரிப்பை நிறுத்தினாள்.

"அம்மா, என்ன பண்ணி வச்சிருக்கே?"

"கொஞ்சம் சரி பண்ணச் சொல்லேன்."

பேக் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "காகிதம் இருக்குன்னீங்களே! என் பையில கட்டுக் கட்டா கிடக்கு, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே… இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுங்க. முழுசா எடுத்துட்டுத் திரும்பப் போடணும். முக்கால் மணி நேரம் ஆகும்."

இருபது நிமிடம்தான் இருந்தது.

சம்பந்தியம்மா எனக்குப் பின்னாலேயே வந்திருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, மெதுவான குரலில் பேசினாள். அவள் கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெறுப்பு வந்திருக்காது.

"பரவாயில்ல சம்பந்தியம்மா, மனச வருத்திக்காதீங்க. உங்க நாத்தனாரும் பட்டுதானே உடுத்தியிருக்காங்க? லட்சணமா இருக்காங்க. ஸ்கூல்ல இருந்தவங்க, நாலு பேர் முன்னாடி நின்னு பழக்கம். மெழுகுவத்திய அவங்க ஏத்தட்டும். நீங்க நிம்மதியா முன்வரிசைல உக்காருங்க. என்ன சேரின்?"

நான் என் பெண்ணைப் பார்த்தேன். அவள் கையில் இருந்த பூச்செண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முள்ளங்கியைப் பார்த்த மாதிரியே.

"அத்தையே ஏத்தட்டுமேம்மா" என்றாள். "வீடியோ வேற எடுக்குறாங்க. அது எப்பவும் இருக்கும்."

"நானும் எப்பவும்தான் இருக்கேன்" என்றேன்.

"ஏன் இப்படிப் பேசுறே? நான் ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன் உன்கிட்ட? ஒரே ஒரு நாள்! சின்ன வயசுலேர்ந்து…" என்றவள் மாமியார் இருப்பதை நினைத்து நிறுத்திக்கொண்டாள்.

நிறுத்தியதை நான் மனதுக்குள் முடித்துக்கொண்டேன். பதினாலு வயதில் சேரின் ஒரு நாளைக்கு ஆறு தடவை முகம் கழுவுவாள். பள்ளியில் அவளை எண்ணெய்க்காரி மகள் என்பார்கள். கன்னத்துத் தோல் உரியும்வரை தேய்ப்பாள். அப்போது நான் சட்டியில் கோழியைத் திருப்பிக்கொண்டே, "எவ்வளவு தேய்ச்சாலும் போகாதுடி, அது என் எண்ணெய்" என்று சிரித்தேன். அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வேடிக்கை இல்லை. அவள் என்னைக் கழுவிக்கொள்வதுபோல இருந்தது. எனக்குக் கோபம்.

வெளியே வந்தேன். கழிவறைக்கு ஜோம்ரே கூடவே ஓடிவந்தாள்.

"என்னடி பண்ணப் போறே?"

"கழுவப் போறேன். இந்த உடுப்பு ரிப்பனைப் பிடி, நனையக் கூடாது."

"பைத்தியமா உனக்கு? சோப்பு இதாண்டி இருக்கு, கை கழுவுறது!"

"போதும்."

நான்கு தடவை கழுவினேன். முதல் தடவை சிமெண்ட் கரைந்த மாதிரித் தண்ணீர் வந்தது. இரண்டாவதில் கண் மை. ஒட்டிய இமை முடியை நகத்தால் பிய்த்தபோது என் சொந்த முடியும் இரண்டு வந்தது. கை துடைக்கும் முரட்டுக் காகிதத்தால் ஒற்றினேன். தேய்க்கவில்லை, ஒற்றினேன். கண்ணாடியில் தெரிந்த முகம் சிவந்து, புருவம் பாதியாக, நான் தினமும் காலையில் கடைத் தகரக்கதவைத் தூக்கும்போது இருக்கும் முகமாக இருந்தது.

"பாவி, அலங்காரம் பண்ணின தலைக்குக் கீழ இது யாரோ மாதிரி இருக்குடி" என்றாள் ஜோம்ரே. பிறகு, "போ. ஏத்திட்டு வா" என்றாள்.

மண்டபக் கதவருகே சம்பந்தியம்மாவும் என் நாத்தனாரும் கைகோத்து நின்றிருந்தார்கள். பெண்ணின் அம்மா மார்பில் குத்திக்கொள்ளும் பூ, என் பூ, நாத்தனார் மார்பில் இருந்தது.

"அண்ணி, பூவக் கழட்டுங்க."

நாத்தனார் என் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "சேரின்தான் குத்திக்கச் சொன்னா…"

"தெரியும். கழட்டுங்க."

"இந்த முகத்தோடயா போகப் போறீங்க?" என்றாள் சம்பந்தியம்மா. குரலில் இப்போது பட்டு இல்லை. "என் வீட்டு ஆளுங்க இருநூறு பேர் உக்காந்திருக்காங்க."

"என் வீட்டு ஆளுங்க முப்பது பேர்தான். ஆனா அவங்களுக்கு இந்த முகம் தெரியும்."

நாத்தனார் ஊசியைத் தேடித் தடவினாள். நான் கிட்டத்தட்டப் பிடுங்கினேன். அவசரத்தில் என் விரலில் குத்தியது. பட்டில் ரத்தம் படாமல் வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டேன். உள்ளே ஒலிபெருக்கியில் இரண்டு தாய்மார்களையும் அழைத்தார்கள். கதவு திறந்துவிட்டது. இனி அவளால் ஒன்றும் செய்ய முடியாது. என் கையைப் பிடித்தாள். நகம் பதியப் பிடித்தாள். நானும் சட்டிக் கரண்டி பிடிக்கும் கையால் திருப்பிப் பிடித்தேன். நாற்பது அடியும் இருவரும் சிரித்துக்கொண்டே நடந்தோம்.

"சோப்பு நாத்தம் அடிக்குது" என்றாள், பல்லைத் திறக்காமல்.

"எலுமிச்சை சோப்பு. மண்டபத்துது. நீங்க பாத்து எடுத்த மண்டபம்."

மேடையில் விளக்கு வெயில் மாதிரி அடித்தது. சிவப்பு மெழுகுவத்தியின் திரி முதலில் பிடிக்கவில்லை. நீலம் உடனே பிடித்துக்கொண்டது. நான் அவசரப்படவில்லை. நெருப்பு பிடிக்கும்வரை காத்திருக்க எனக்குத் தெரியும். காத்திருக்கும்போதே என் நெற்றியில் எண்ணெய் ஊறத் தொடங்கியது, மூக்கின் பக்கத்தில், தாடையில். கேமரா முகத்துக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. கையைத் தூக்கித் துடைக்கவில்லை. திரி பிடித்தது. ஒருவருக்கொருவர் கும்பிட்டோம். குனிந்தபோது சம்பந்தியின் கழுத்துப் பக்கம் பார்த்தேன். தண்ணீர் தெளித்த பளபளப்பு தாடையைத் தாண்டி இறங்கி, நீலப் பட்டின் வெள்ளைக் கழுத்துப் பட்டையில் மினுமினுவென்று படிந்திருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு குறையும் இல்லை.

சேரின் மாப்பிள்ளையோடு நடந்து வந்தாள். என் முன்னால் நின்று கும்பிட வேண்டிய இடம் வந்தபோது என் கழுவிய முகத்தை முதன்முறையாகப் பார்த்தாள். மார்பில் இருந்த பூவைப் பார்த்தாள். அழவில்லை. குனிந்து, நிமிர்ந்து, போய்விட்டாள்.

குடும்பப் படத்துக்கு எல்லாரையும் மேடையில் நிறுத்தினார்கள். நடுவில் மாப்பிள்ளை கியுஹோவும் சேரினும். சேரினுக்குப் பக்கத்தில் நான். கியுஹோவுக்குப் பக்கத்தில் அவள்.

"அம்மா ரெண்டு பேரும் முகத்தைக் கொஞ்சம் ஒத்திக்கிறீங்களா? லைட்டு அடிக்குது" என்றார் படம் எடுப்பவர்.

பேக் காகிதக் கட்டோடு மேடைக்கு ஓடிவந்தாள். முதலில் சம்பந்தியிடம் போனாள்.

"எனக்கு எதுக்கு? இது எண்ணெய் இல்ல, மேக்கப்பு. நீதானே போட்டே?"

"நான்தாங்க போட்டேன். படத்துல ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதே" என்று பேக் அவள் கன்னத்தில் தாளை வைத்து அழுத்தினாள். தாள் கண்ணாடி மாதிரி ஆனது. இரண்டாவது தாள் எடுத்தாள். மூன்றாவது. சம்பந்தியம்மா யாரையும் பார்க்காமல் நேராக நின்றாள். ஜோம்ரே கீழே நின்று எண்ணினாள்.

"உங்களுக்கு?" என்று பேக் என்னிடம் நீட்டினாள்.

"வேணாம்."

படம் எடுப்பவர் விரலைத் தூக்கினார். அப்போது சேரின் என் பக்கம் லேசாகச் சாய்ந்தாள். அன்று காலையிலிருந்து அவளாக என்னிடம் வந்தது அதுதான் முதல் தடவை. உதடு அசையாமல் கேட்டாள்.

"அம்மா, என் மூக்கு பளபளக்குதா?"

திரும்பிப் பார்த்தேன். இத்தனை பூச்சுக்கும் அடியிலிருந்து அது வந்திருந்தது. மூக்கின் இரு பக்கமும், நெற்றியின் நடுவிலும், மேலுதட்டுக்கு மேலும். என்னுடையது. பேக் இரண்டடி தூரத்தில் கையில் காகிதத்தோடு நின்றாள். நான் கண்ணைக் காட்டியிருந்தால் போதும்.

"இல்ல. நல்லா இருக்கே" என்றேன்.

"நிஜமா?"

"நிஜமா."

பாசத்தால் சொன்ன பொய் இல்லை அது. என் பூவை இன்னொருத்திக்குக் குத்தச் சொன்னவளுக்குச் சொன்னேன். அந்தப் படம் எப்பவும் இருக்கும் என்று தெரிந்தே சொன்னேன்.

அவள் நம்பினாள். ஏழு வயதில், அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்று நான் சொன்னபோது நம்பியதைப் போல, உடனே. தோளைத் தளர்த்தி, மோவாயை நிமிர்த்தி, முகத்தை முழுசாக விளக்குப் பக்கம் திருப்பினாள்.